பழைய சேலைப் போர்வை, பூத்தையல், மாடித்தோட்டம்: கோடைக்கான கேள்விகளும் பதில்களும்

பங்குனி பிற்பாதியில் தொடங்கி ஆனி முடியும்வரை வீட்டிலிருந்தபடியே செய்யக்கூடிய மூன்று கைவேலைகளைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். மதுரைப் பக்கத்து வெயிலையும் தண்ணீர் நிலைமையையும் மனத்தில் வைத்தே எழுதியிருப்பதால், மலைப்பகுதியில் இருப்பவர்கள் தோட்டம் பற்றிய பகுதியைத் தங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள வேண்டும்.

மூன்று வேலைகளையும் ஒரே கோடையில் செய்ய முடியுமா?

முடியும். வெயிலே நாளை மூன்றாகப் பிரித்துக் கொடுத்துவிடுகிறது. காலை ஏழு மணிக்கு முன்பும் மாலை ஐந்தரை மணிக்குப் பின்பும் மாடியில் நிற்கலாம்; இடைப்பட்ட நேரத்தில், அதிலும் மே மாதம் 4ஆம் தேதியை ஒட்டித் தொடங்கி 28 வாக்கில் முடிகிற கத்திரி வெயில் நாட்களில், மாடிப்படி ஏறுவதே உடம்புக்கு ஆகாது. அந்தப் பகல் நேரம் ஊசிக்கு உரியது. ஆனால் நான்கு அடுக்குச் சேலையை மடியில் போட்டுக்கொண்டு மே மாத மதியத்தில் தைப்பது பெரும் புழுக்கம் என்பதால், வெட்டுவது, ஒட்டுத்துணிகளை இணைப்பது, பூத்தையல் போடுவது ஆகிய இலேசான வேலைகளைப் பகலுக்கும், போர்வையை விரித்துத் தைக்கும் வேலையை இரவு உணவுக்குப் பிறகும் வைத்துக்கொள்வது நல்லது.

இன்னொரு வழியும் உண்டு. போர்வை முழுவதையும் ஒரே விரிப்பாகத் தைக்காமல், ஒன்றரை அடிச் சதுரங்களாகத் தனித்தனியே அடுக்கித் தைத்து, ஆனி மாதக் காற்று வீசத் தொடங்கியதும் அவற்றை இணைக்கலாம். எங்கள் பக்கத்துக் கோடைக்கு இதைவிடப் பொருத்தமான முறை இல்லை என்பது என் உறுதியான கருத்து.

போர்வைக்குள் பஞ்சு வைக்க வேண்டாமா?

வேண்டாம். கடைகளில் போர்வைக்கென்று விற்கும் பாலியெஸ்டர் பஞ்சுத் தாள் குளிர்நாடுகளுக்கு ஏற்றது. நம் வீட்டு மின்விசிறிக் காற்றுக்குப் பருத்தித் துணி மூன்று அல்லது நான்கு அடுக்கு இருந்தால் போதும். வியர்வையை உறிஞ்சும், துவைத்தால் ஒரே வெயிலில் காய்ந்துவிடும், பஞ்சு ஓரிடத்தில் திரண்டுவிட்டதே என்ற கவலையும் இல்லை.

இந்தியாவில் பழந்துணியைக்கொண்டு போர்வை தைத்த மரபுகள் பெரும்பாலும் இந்த வழியிலேயே சென்றிருக்கின்றன. வங்காளத்துக் காந்தா, பீகாரின் சுஜனி, மராட்டியத்தின் கோதடி, கர்நாடகத்தின் கவுதி ஆகியவை எல்லாம் உடுத்தி நைந்த துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஓட்டத் தையலால் பிடித்துவைத்தவையே. வட கன்னட மாவட்டத்தில் வாழும், ஆப்பிரிக்க வழிவந்த சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவந்திப் போர்வைகள் தனிச் சிறப்புடையவை. அவர்கள் ஓரத்தில் தொடங்கி, துண்டுத் துணிகளை ஒவ்வொன்றாக மடித்து வைத்துத் தைத்தபடியே சுற்றிச் சுற்றி நடுவை நோக்கி வருவார்கள். நான்கு மூலைகளிலும் முக்கோணமாக மடித்த சிறு துணிகளைப் பூவாக வைத்து முடிப்பார்கள். அளவுநாடாவோ வரைபடமோ இல்லாமல், கைக்கு வந்த துண்டின் வடிவத்தையும் நிறத்தையும் பார்த்து அடுத்ததைத் தேர்ந்தெடுக்கும் அந்தக் கண், எந்த வடிவமைப்புப் புத்தகத்தாலும் கற்றுத்தர முடியாதது.

எந்தச் சேலை ஏற்றது? எத்தனை வேண்டும்?

பல ஆண்டுகள் உடுத்தித் துவைத்து இழை மென்மையான பருத்திச் சேலைதான் முதல் தேர்வு. மதுரைச் சுங்குடி, செட்டிநாட்டுக் கண்டாங்கி, நெகமம் போன்ற கைத்தறிச் சேலைகள் நைந்த பிறகு தையலுக்கு மிக இணக்கமாகிவிடுகின்றன. ஊசி தடையில்லாமல் இறங்குகிறது. சிந்தெடிக் சேலைகள் அடுக்கும்போது வழுக்கும், உடம்பில் சூட்டையும் கூட்டும் என்பதால் அவற்றை ஒதுக்கிவிடுங்கள். ஜரிகைக் கரையை முழுவதும் பிரித்து எடுத்துவிட வேண்டும். கைக்குழந்தைக்குத் தைக்கும்போது இது கட்டாயம், ஏனெனில் நைந்த ஜரிகை தோலைக் கீறும்.

ஒரு சேலை ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் நீளமும் நாற்பத்தைந்து அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலான அகலமும் உடையது. அதிலிருந்து ஏழடி நீளத் துண்டுகள் இரண்டு வெட்டினால் ஒருவர் போர்த்துக்கொள்ளும் போர்வைக்கு இரண்டு அடுக்குகள் கிடைக்கும். ஆகவே இரண்டு சேலைகளில் நான்கு அடுக்குப் போர்வை ஒன்று ஆகிவிடும், மேல்பக்கத்தில் ஒட்டுவேலை செய்ய மிச்சத் துணியும் கையில் இருக்கும். முதன்முறை தைப்பவர்கள் மூன்றடிக்கு மூன்றரை அடியில் குழந்தைப் போர்வை ஒன்றைத் தைத்து முடிப்பதே சிறந்தது. அதற்கு ஒரே சேலை போதும். மடித்தால் இழை பிரிகிற அளவுக்கு இற்றுப்போன பகுதியை மட்டும் எந்த அடுக்கிலும் வைக்காதீர்கள், அங்கே தையல் நிற்காது.

மேல்பக்கத்து வண்ணத் துண்டுகளுக்குத் தெருமுனைத் தையற்கடையில் கேட்டாலே ரவிக்கை வெட்டிய மிச்சத் துணி ஒரு பை நிறையக் கிடைக்கும்.

துணியை எப்படித் தயார் செய்வது?

எல்லாத் துணியையும், புதிய துண்டானால் இரண்டு முறையாவது, துவைத்துக் காயவைத்த பிறகே வெட்ட வேண்டும். இல்லையென்றால் போர்வை முதல் சலவையில் ஒரு பக்கம் சுருங்கி, மறுபக்கம் தளர்ந்து நிற்கும். சாயம் போகிறதா என்று பார்க்க, நனைத்த வெள்ளைத் துணியால் ஒரு மூலையை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கல்லுப்பு நீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். ஏற்கெனவே சாயமேற்றி முடித்த துணியில் உப்பால் அப்படிச் செய்ய இயலாது. நிறம் ஒட்டும் துண்டை, அது எவ்வளவு அழகாக இருந்தாலும், வெளிர்நிறத் துணிகளுக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது.

பழைய சேலை குழைந்துபோய்க் கத்தரிக்கோலுக்குப் பிடிகொடுக்காது. அதற்கு நீர்த்த சோற்றுக் கஞ்சியில் முக்கி, முறுக்கிப் பிழியாமல் கொடியில் போட்டு, ஈரம் சற்று இருக்கும்போதே இஸ்திரி போட்டால் துணி விறைப்பாகி நேராக வெட்ட வரும். வேலை முடிந்ததும் கஞ்சி போகத் துவைத்துவிட வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. கஞ்சியோடு மடித்து வைத்த துணியைக் கரப்பானும் பூச்சியும் தேடி வரும்.

தையல் எப்படி இருக்க வேண்டும்?

அடுக்குகளைத் தரையில் விரித்து, சுருக்கம் இல்லாமல் நீவி, ஒவ்வொரு சாணுக்கும் ஓர் ஊக்குக் குத்துங்கள். அல்லது நீள நீளமாகத் தற்காலிகத் தையல் ஓட்டுங்கள். நூலை ஒன்றரை முழத்துக்கு மேல் எடுக்காதீர்கள். அதற்கு மேல் போனால் சிக்கு விழும், ஒவ்வொரு முறை துணிக்குள் சென்று வரும்போதும் உராய்ந்து நூல் மெலியும்.

தொடங்கும் இடத்துக்கு ஓர் அங்குலம் தள்ளி, மேல் துணியில் மட்டும் ஊசியைச் செலுத்தித் தொடக்க இடத்தில் வெளியே எடுத்து, நூலை மெதுவாகச் சுண்டினால், முடிச்சு மேல் அடுக்கைத் தாண்டி உள்ளே சென்று தங்கிவிடும். மேலேயும் தெரியாது, கீழேயும் தெரியாது. பிறகு ஊசியை நிறுத்திப் பிடித்து எல்லா அடுக்குகளும் பிடிபடும்படி இறக்கி, கீழே இருக்கும் கையின் விரல்நுனியில் ஊசிமுனை இலேசாகத் தட்டுப்பட்டதும் மேலே திருப்ப வேண்டும். இப்படி மூன்று நான்கு தையல்களை ஊசியிலேயே சேர்த்துக்கொண்டு ஒரே இழுப்பில் நூலை இழுத்தால் வரிசை நேராக நிற்கும். தையல் ஒவ்வொன்றும் அரிசியின் நீளத்தில் இருந்தால் போதுமானது. வரிசைக்கு வரிசை ஒரு விரல் அகலம் இடைவெளி விடலாம். தையற்காரர்கள் நடுவிரலில் மாட்டிக்கொள்ளும் உலோக உறையை முதல் நாளே வாங்கிவிடுங்கள். அது இல்லாமல் நான்கு அடுக்கில் ஊசியைத் தள்ளினால் விரல் புண்ணாகும்.

சித்திப் பெண்கள் ஓரத்திலிருந்து உள்ளே வருவதைச் சொன்னேன். கை பழகும்வரை நீங்கள் நடுவிலிருந்து ஓரத்துக்குப் போவது பாதுகாப்பானது, ஏனெனில் தொய்வு ஏதும் இருந்தால் அது வெளிப்பக்கமாக நகர்ந்து ஓரத்தில் வெட்டப்பட்டுவிடும்.

இயந்திரத்தில் தைக்கலாமா?

ஒட்டுத்துணிகளை இணைப்பதற்கும் ஓரப்பட்டி அடிப்பதற்கும் தாராளமாகத் தைக்கலாம். அடுக்குகளைப் பிடிக்கும் தையலைக் கையால் போட்டால்தான் பழந்துணியின் மென்மை நிற்கிறது. இயந்திரத் தையல் நெருக்கமாக விழுந்து போர்வையை விறைப்பாக்கும், இழை நைந்த இடத்தில் துணியையே அறுக்கும்.

பூத்தையலில் எங்கே தொடங்குவது?

ஓட்டத் தையல், பின் தையல், காம்புத் தையல், சங்கிலித் தையல் ஆகிய நான்கும் கைவந்தால் ஒரு கொடியையும் அதன் இலை, பூக்களையும் முழுவதுமாகத் தைத்துவிடலாம். எம்பிராய்டரி நூற்கண்டில் ஆறு இழைகள் சேர்ந்திருக்கும். தேவையான இரண்டு மூன்று இழைகளை ஒரேயடியாகப் பிடித்து இழுக்காமல் ஒவ்வொன்றாக உருவி எடுத்து, பிறகு சேர்த்துக் கோத்தால் முறுக்கு விழாமல் பளபளப்பாக அமையும். ஊசியின் எண் கூடக் கூட ஊசி மெல்லியதாகும் என்பதைக் கடையில் கேட்கும்போது நினைவில் வையுங்கள். ஆரி வேலையைக் கற்க வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். அதற்குக் கொக்கி ஊசியும் இழுத்துக் கட்டிய சட்டமும் வேண்டும், ரவிக்கைகளுக்கு அது அழகுதான், ஆனால் கோடைப் பகலில் நாற்காலியில் அமர்ந்து செய்யும் வேலைக்குச் சாதாரண ஊசியும் ஐந்தங்குல வளையமுமே பொருந்தும்.

நம் பக்கத்து மரபுகளைப் பார்த்துக் கற்பதற்கு நிறைய இருக்கிறது. நீலகிரித் தோடர் பெண்கள் தடித்த வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமான நூலால், வளையமோ வரைந்த கோடோ இல்லாமல், துணியின் இழைகளை எண்ணி எண்ணித் தைக்கிறார்கள். அந்த வேலைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கர்நாடகத்தின் கசூதியில் முடிச்சே போடாமல் இருபுறமும் ஒன்றுபோலத் தெரியும்படி தைப்பார்கள். தருமபுரி மாவட்டம் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் லம்பாடிப் பெண்கள் கைவிட்டுப்போகும் நிலையிலிருந்த தங்கள் தையலை மீட்டெடுத்து மீண்டும் தைத்துவருகிறார்கள். இவற்றை அப்படியே நகலெடுத்து நம்முடையது என்று விற்பது முறையன்று. இழையை எண்ணும் பொறுமையையும் பின்பக்கத்தைச் சுத்தமாக வைக்கும் ஒழுங்கையும் அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

கை வியர்த்து ஊசி வழுக்குகிறது, துருவும் பிடிக்கிறது. என்ன செய்வது?

வெள்ளைப் பருத்தித் துணியொன்றை மடியில் வைத்து அடிக்கடி கையைத் துடையுங்கள்; முகப்பவுடரைச் சிறிது விரல்களில் தடவிக்கொள்ளலாம். ஊசியைத் தைத்த துணியிலேயே குத்தி வைத்துவிட்டு எழக் கூடாது, துருக்கறை துணியில் இறங்கினால் எளிதில் போகாது.

கோடையில் மாடியில் எதை வளர்க்கலாம், எதை வளர்க்கக் கூடாது?

வெண்டை, கொத்தவரை, தண்டுக்கீரை, சிறுகீரை, கொடிப்பசலை, பாகல், பீர்க்கு, புடலை, மிளகாய், கத்திரி ஆகியவை வெயிலைத் தாங்கும். தக்காளி செடியாக நிற்குமே தவிர, பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டிய நாட்களில் பூவெல்லாம் உதிர்ந்துவிடும். கொத்தமல்லி முளைத்த வேகத்தில் பூக்கத் தொடங்கிவிடும். முட்டைக்கோசு, காலிஃபிளவரை நினைக்கவே வேண்டாம்.

ஒரே ஒரு செடிதான் வைக்க முடியும் என்றால் வெண்டையை வையுங்கள். விதையை இரவு முழுவதும் ஊறவைத்து, பைக்கு இரண்டாக அரை அங்குல ஆழத்தில் ஊன்றினால் ஒரு வாரத்துக்குள் முளைத்துவிடும். பின்னர் நலிந்ததை நீக்கிவிடலாம். நாற்பது நாள் வாக்கில் நடுவில் கருஞ்சிவப்புப் பொட்டு வைத்த வெளிர்மஞ்சள் பூ வரும். பூ விரிந்த ஐந்தாறு நாளில் காயைப் பறித்துவிட வேண்டும். நுனியை ஒடித்துப் பார்க்கும் சந்தைப் பழக்கம் இங்கே தேவைப்படாது. ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தாலே முற்றாது, செடியும் தொடர்ந்து காய்க்கும். இலை நரம்புகள் மட்டும் மஞ்சளாகி வலைபோலத் தெரிந்தால் அது வெள்ளை ஈயால் பரவும் மஞ்சள் நரம்புத் தேமல் நோய். அதற்கு மருந்து தேடாமல் அந்தச் செடியைப் பிடுங்கி அப்புறப்படுத்தினால்தான் மற்றவை பிழைக்கும்.

பைகளுக்குச் செம்மண், தென்னைநார்க் கழிவு, மண்புழு உரம் ஆகியவற்றைச் சம அளவில் கலந்து, ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கும் சேர்த்தால் போதும். தென்னைநார்க் கட்டியை ஊறவைத்து இரண்டு மூன்று தண்ணீர் மாற்றி அலசிய பிறகே பயன்படுத்துங்கள், அதிலிருக்கும் உப்பு இளவேரைக் கருக்கும். பை, விதை, உரம் அடங்கிய மாடித்தோட்டத் தொகுப்புகளைத் தோட்டக்கலைத் துறை மானிய விலையில் வழங்குவதுண்டு. அருகிலுள்ள அலுவலகத்தில் விசாரித்துப் பார்க்கலாம்.

தண்ணீர்த் தட்டுப்பாட்டில் எப்படிச் சமாளிப்பது?

வெயில் ஏறும் முன்பு வேர்வரை இறங்கும்படி ஊற்றுவது, மாலையில் விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பார்த்து ஈரமில்லாவிட்டால் மட்டும் மறுபடி ஊற்றுவது ஆகிய இரண்டு பழக்கங்களே பாதித் தண்ணீரை மிச்சப்படுத்தும். மண் மேல் காய்ந்த சருகையோ தேங்காய் மட்டை நாரையோ இரண்டு அங்குலத்துக்கு மூடாக்காகப் போடுங்கள். அரிசி, பருப்பு, காய்கறி கழுவிய நீர் அனைத்தும் செடிக்கு ஆகும். சோப்பு நீர் வேண்டாம். கீரைக்கும் நாற்றுக்கும் ஐம்பது விழுக்காடு நிழல்வலை தேவை, வெண்டைக்கும் கொத்தவரைக்கும் அது தேவையில்லை. பைகளைச் செங்கல் மேல் தூக்கி வைத்தால் தளத்தின் சூடு வேரை எட்டாது, தளமும் ஊறிப் பாழாகாது.

செம்பருத்தியில் வெள்ளை வெள்ளையாக ஒட்டியிருப்பது என்ன?

மாவுப்பூச்சி. கோடையில் இது பெருகும். அதன் மேல் சுரக்கும் இனிப்பு நீருக்காக எறும்புகள் அதைப் பாதுகாத்துக் கொண்டுசெல்வதால், எறும்பு வரும் வழியை முதலில் அடைக்க வேண்டும். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடித்துக் கழுவிவிட்டு, ஒரு லிட்டர் நீரில் சிறிதளவு சோப்புக் கரைத்து, ஐந்து மில்லி வேப்பெண்ணெயைக் கலந்து, வெயில் இறங்கிய பிறகு இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். ஒரு வாரத்தில் மறுபடி தெளிக்க வேண்டியிருக்கும்.

மல்லிகைச் செடி தழைக்கிறது, பூக்கவில்லையே?

பெரும்பாலும் நிழலில் இருக்கும், அல்லது கவாத்துச் செய்யாமல் விட்டிருப்பீர்கள். குண்டுமல்லிக்கு நாள் முழுவதும் வெயில் வேண்டும். கார்த்திகை மாத வாக்கில் ஒன்றரை அடி விட்டு வெட்டிவிட்டால் மாசி, பங்குனியில் புதுக் கிளைகளில் மொட்டு வைக்கும். இப்போது சித்திரையில் செய்யக்கூடியது, நீண்ட கிளைகளின் நுனியைக் கிள்ளி, தொழுவுரம் வைத்து நீர் பாய்ச்சுவதுதான். மொட்டு விரியும் முன், விடியற்காலையில் பறிக்க வேண்டும்.

தோட்டத்துப் பூவில் துணிக்குச் சாயமேற்றலாமா?

இந்தக் கேள்விக்காகவே மூன்று வேலைகளையும் சேர்த்துச் செய்யத் தோன்றும். செண்டுமல்லி, மாதுளந்தோல், வெங்காயத்தோல் ஆகிய மூன்றும் வீட்டிலேயே நம்பிச் செய்யக்கூடியவை. முதலில் துணியைச் சலவைச் சோடா இட்ட நீரில் கொதிக்கவைத்து, எண்ணெயும் கஞ்சியும் போக அலச வேண்டும். பருத்தி தானாகச் சாயத்தைப் பிடித்துக்கொள்ளாது. அதற்குக் கடுக்காயும் படிகாரமும் துணைசெய்ய வேண்டும். நூறு கிராம் துணிக்கு இருபது கிராம் கடுக்காய்ப் பொடியை வெந்நீரில் கரைத்து, துணியை இரவு முழுவதும் ஊறவைத்துக் காயவையுங்கள். மறுநாள் பதினைந்து கிராம் படிகாரம் கரைத்த வெந்நீரில் அதேபோல ஊறவையுங்கள். பிறகு துணியின் எடைக்கு இரண்டு மடங்கு செண்டுமல்லி இதழை முக்கால் மணிநேரம் வேகவைத்து வடிகட்டி, அந்தச் சாற்றில் துணியை மூழ்கவைத்துச் சிறு தீயில் ஒரு மணிநேரம் புரட்டிக்கொண்டே இருந்து, ஆறும்வரை அதிலேயே விட்டுவிட்டால், ஆழ்ந்த பொன்மஞ்சள் கிடைக்கும். துருப்பிடித்த ஆணிகளை ஊறவைத்த நீரில் அந்தத் துணியைச் சில நிமிடம் நனைத்தால், மஞ்சள் உங்கள் கண்முன்பே பாசிப் பச்சையாக மாறும். சமையல் பாத்திரத்தை இதற்குப் பயன்படுத்தக் கூடாது.

மஞ்சள்தூளும் சங்குப்பூவும் முதல் நாளில் மனத்தை மயக்கும் நிறம் தரும். ஆனால் மஞ்சள் வெயிலில் வெளுத்துவிடும், சோப்புப் பட்டால் சிவக்கும், சங்குப்பூ நீலம் சில சலவைகளைக்கூடத் தாங்காது. போர்வைக்கு அவை வேண்டாம். சோழமண்டலக் கடற்கரையில் ஒரு காலத்தில் சாயவேரிலிருந்து, அதாவது இம்பூறல் செடியின் வேரிலிருந்து, பருத்திக்கு நின்று நிலைக்கும் சிவப்பை ஏற்றி உலகெங்கும் அனுப்பினார்கள். அந்தத் துணிகளில் சில இன்றும் நிறம் மங்காமல் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. நம் மண்ணில் விளைந்த அந்த அறிவு மீண்டும் வீடுகளுக்கு வர வேண்டும் என்று மனமார விரும்புகிறேன்.

தோட்டத்துக் கறை துணியில் படாமல் எப்படிக் காப்பது?

தோட்ட வேலைக்குத் தனி உடை வைத்துக்கொண்டு, கையை முழங்கை வரை கழுவிய பிறகே தையலைத் தொடுங்கள். வாழைக்கறை ஒருமுறை பட்டால் போகவே போகாது. வெண்டைச் செடியின் சுணை கையில் இருந்தால் துணியிலும் ஒட்டும், குழந்தைப் போர்வையில் அது அரிப்பைத் தரும்.

பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளலாமா?

ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் மொட்டை ஊசியும் பெரிய கட்டம்போட்ட துணியும் கொடுத்தால் ஓட்டத் தையலை ஆர்வத்துடன் போடுவார்கள். அவர்கள் தைத்த சதுரத்தைக் கோணலாக இருக்கிறது என்று பிரித்து மறுபடி தைக்காதீர்கள். அப்படியே போர்வையில் சேருங்கள். கீரை விதையை மணலோடு கலந்து தூவும் வேலையையும் அவர்களிடம் விட்டுவிடலாம், மூன்று நான்கு நாளில் முளை தெரிவதால் ஆர்வம் குறையாது.

ஆடி பிறந்துவிட்டது, போர்வை முடியவில்லை. என்ன செய்வது?

ஆடிப் பட்டம் தேடி விதை என்பதால் அந்த மாதத்தில் தோட்டத்துக்கே முதலிடம் கொடுங்கள். விதைக்கும் நாள் தவறினால் விளைச்சல் குறையும், தையலுக்கு அப்படி நாள் இல்லை. தைத்து முடித்த சதுரங்களைக் கஞ்சி போகத் துவைத்து நன்கு காயவைத்து, வசம்புத் துண்டு ஒன்றுடன் பழைய பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் பையில் வைத்தால் ஈரம் தங்கிப் பூசணம் பிடிக்கும். பயன்படுத்திய நூலின் நிற எண்ணையும், எந்தச் சதுரம் எந்தச் சேலையிலிருந்து வெட்டியது என்பதையும் ஒரு தாளில் எழுதி அதனுடனேயே வைத்துவிட்டால், ஐப்பசி மழையில் மாடிக்குப் போக முடியாத நாட்களில் எடுத்து, விட்ட இடத்திலிருந்து தைக்கலாம். அப்போது மடியில் நான்கு அடுக்குத் துணி இருப்பது புழுக்கமாகவும் இருக்காது.